புள்ளி ஆந்தையும் அதன் ஒன்றுவிட்ட தம்பியும்

சாயங்காலம் ஆனால் ஆலமரப் பொந்திலோ, கோயில் மதில் இடுக்கிலோ, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கு அடியிலோ இருந்து கிர்ரு கிர்ரு என்று குடும்பமாகச் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வருமே ஒரு குட்டி ஆந்தை, அதைப் பார்க்காமல் வளர்ந்த தமிழர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. உருண்டைத் தலை. நம்மைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. புள்ளி ஆந்தை என்று பெயர். இங்கே மராத்தியில் பிங்ளா என்கிறார்கள்.

பிங்ளா என்று இங்கே மனிதர்களும் உண்டு. விடிவதற்கு முன்னால் கையில் சின்ன உடுக்கையோடு தெருவில் வந்து, ஆந்தை சொன்னதாகக் குறி சொல்லிவிட்டுப் போகிறவர்கள். முதன்முதலில் கேட்டபோது என் வீட்டுக்காரம்மா, "ஏங்க, நம்ம குடுகுடுப்பைக்காரர் இங்கேயும் வந்துட்டாரா?" என்று கேட்டாள். ஆள் வேறு, மொழி வேறு, தொழில் அதே. ஆந்தை பாஷை மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புள்ளி ஆந்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒருத்தன் இருக்கிறான். அளவு கிட்டத்தட்ட அதே. நிறம் அதே. மஞ்சள் கண் அதே. ஆங்கிலத்தில் ஃபாரஸ்ட் ஔலெட் என்பார்கள். மராத்தியில் ரான்பிங்ளா, அதாவது காட்டுப் பிங்ளா. உலகத்தில் இந்தியாவைத் தவிர வேறு எங்கும் கிடையாது. அதிலும் நான் இப்போது வேலை பார்க்கும் இந்தக் கான்தேஷ் சீமையும் அதைச் சுற்றியுள்ள மலைக்காடுகளும்தான் அதன் முக்கியமான வீடு. 1884-லிருந்து 1997 வரை, முழுசாக 113 வருடம், இந்தப் பறவையை உயிரோடு பார்த்ததாக நம்பகமான ஒரு பதிவுகூட இல்லை. அழிந்தே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது பாட்டுக்குக் காட்டில் பட்டப்பகலில் மரத்து உச்சியில் உட்கார்ந்து பல்லி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது!

ஏன் இப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. அண்ணன் தம்பிக்கு வித்தியாசம் தெரியாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுத்தமான ஃபோர்ஜரி. கணக்கு, வவுச்சர், கையெழுத்து என்று இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இரண்டாவது காரணத்தில்தான் ருசி அதிகம். முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

*

கதை ஆரம்பிப்பது இங்கே இல்லை, கிழக்கே. இன்றைய சத்தீஸ்கரில், மகாசமுந்த் மாவட்டத்தில் பஸ்னா என்று ஒரு ஊர் இருக்கிறது. பழைய ஆவணங்களில் புஸ்னா-பூல்ஜான் என்று எழுதியிருப்பார்கள். 1872-ல் அந்தப் பக்கம் எஃப்.ஆர். பிளெவிட் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு ஆந்தையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு அனுப்பி வைத்தார்.

ஹியூம் என்றதும் பத்தாம் வகுப்பு சரித்திரப் பாடம் ஞாபகம் வரும். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியதில் பெரும் பங்கு வகித்த அதே ஹியூம்தான். பாடப் புத்தகத்தில் சொல்லாத விஷயம், அந்தக் காலத்தில் இந்தியப் பறவைகள் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது. நாடு முழுக்கக் கலெக்டர்கள், டாக்டர்கள், உப்பு இலாகா ஆட்கள், ரயில்வே என்ஜினியர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அவருக்குப் பறவைத் தோல் அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்காகவே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்று சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தினார். சிம்லா வீட்டில் தோலும் முட்டையும் மலை போலக் குவிந்திருந்தன. கால் நூற்றாண்டாகச் சேர்த்த குறிப்புகளை வைத்துப் பெரிய புத்தகம் எழுத இருந்தார். ஒரு பனிக்காலத்தில் அவர் வீட்டில் இல்லாதபோது வேலைக்காரர் ஒருவர் அந்தக் காகிதங்களை எல்லாம் பஜாரில் எடைக்குப் போட்டுவிட்டார். மனுஷன் அதோடு பறவை விஷயத்தையே விட்டுவிட்டார். 1885-ல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தோல்களையும் முட்டைகளையும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்தார். பழைய பேப்பர்காரரால் காங்கிரஸுக்கு லாபம், பறவையியலுக்கு நஷ்டம் என்று நான் சொன்னால் சரித்திரம் படித்தவர்கள் அடிக்க வருவார்கள்.

அந்த ஹியூம் பிளெவிட் அனுப்பிய தோலைப் பார்த்த உடனே இது புள்ளி ஆந்தை இல்லை என்று சொல்லிவிட்டார். 1873-ல் அதற்குப் பெயர் வைத்தபோது இனம் மட்டும் அல்ல, பேரினமே புதிது என்று ஹெட்டரோகிளாக்ஸ் என்று வைத்தார். ‘வேறு ஆந்தை’ என்று அர்த்தம். இரண்டாவது பாதி அனுப்பியவர் பெயரில், பிளெவிட்டி. பேரினம் தனி என்பதைப் பிற்காலத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. 2018-ல் வெளியான மரபணு ஆய்வும் இது புள்ளி ஆந்தையின் குடும்பமான அத்தீனியைச் சேர்ந்ததுதான் என்கிறது. ஆக, ஒன்றுவிட்ட தம்பி என்று நான் சொன்னது சரிதான்.

அடுத்து 1870-களில் வாலண்டைன் பால் என்ற புவியியல்காரர் ஒன்று பிடித்தார். அதற்கப்புறம்தான் நம்ம கான்தேஷ் வருகிறது. 1880-களின் ஆரம்பத்தில் இங்கே ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்பவருக்கும் பறவைப் பைத்தியம். சாத்புடா மலை அடிவாரக் காடுகளில் அவர் இந்த ஆந்தையைப் பல தடவை சேகரித்தார். 1884-ல் கிடைத்ததுதான் கடைசி. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

உலகத்து மியூசியங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏழே ஏழு தோல். அந்த ஏழில் ஒன்றின் சீட்டில் மட்டும் 1914 என்று தேதி போட்டிருந்தது. இடம் மாண்ட்வி. குஜராத்தில், சூரத்துக்குக் கிழக்கே தபதி நதிக்கரையில் இருக்கும் மாண்ட்வி. சேகரித்தவர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன்.

*

இந்தக் கர்னலைப் பற்றித் தனியாக நாலு பதிவு எழுதலாம். 1878-ல் பணக்கார வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர் (நம்ம இனம் என்று பெருமைப்பட முடியவில்லை). ராணுவ உளவுத்துறை. 1905-ல் கென்யாவில் நந்தி மக்களின் தலைவரைச் சமாதானம் பேசக் கூப்பிட்டுச் சுட்டுக் கொன்றவர். முதல் உலகப் போரில் பாலஸ்தீனத்தில் துருக்கியரை ஏமாற்றப் பொய் ஆவணம் அடங்கிய பையைப் போட்டுவிட்டு வந்ததாகப் பெரிய பெயர். அந்தக் கதையிலும் அவர் சொல்லிக்கொண்ட அளவுக்கு உண்மை இல்லை என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். பறவையியலில் பெரிய புள்ளி. 1937-ல் ஆப்கானிஸ்தானுக்குப் பறவை பார்க்கப் போன பயணத்தில் நம்ம சாலிம் அலியும் அவரோடு போயிருக்கிறார். 1954-ல் தன்னிடம் இருந்த சுமார் இருபதாயிரம் பறவைத் தோல்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்தார். 1967-ல் கௌரவமாகச் செத்தும் போனார்.

அந்த இருபதாயிரத்தில் கணிசமான தோல்கள் அதே மியூசியத்தில் இருந்தும் மற்ற சேகரிப்புகளில் இருந்தும் அவரே கிளப்பிக்கொண்டு போனவை! 1919-லேயே அவர் மேல் சந்தேகம் வந்து ஒன்றரை வருடம் பறவை அறைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். பெரிய இடத்துச் சிபாரிசில் திரும்ப உள்ளே வந்துவிட்டார். நம்ம ஊர் சஸ்பென்ஷன் மாதிரிதான்.

அவர் செய்த வேலை இதுதான். யாரோ ஒருவர் என்றோ சேகரித்த தோலை எடுப்பது. பழைய சீட்டைக் கழற்றுவது. சில சமயம் உள்ளே இருக்கும் பஞ்சையும் மாற்றித் திரும்பத் தைப்பது. தன் பெயர், வேறு தேதி, வேறு ஊர் போட்டுப் புதுச் சீட்டு கட்டுவது. மியூசியத்தில் ஒரு தோலுக்கு மதிப்பே அந்தச் சீட்டுதான். எங்கள் தொழிலில் வவுச்சர் எப்படியோ அப்படி. பணம் பெட்டியில் சரியாக இருக்கும், டேலி ஆகும். ஆனால் யாருடைய பணம், எப்போது வந்தது என்ற பதிவு பொய். இப்படிப்பட்ட மோசடி மாதாந்திரச் செக்கிங்கில் அகப்படாது. யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பழைய கையெழுத்தையும் புதுக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1993-ல் ஆலன் நாக்ஸ் என்பவர் கர்னலின் ஒரு சின்ன வகைக் குருவித் தோல்களை ஆராய்ந்து, இவை திருட்டு என்று எழுதினார். அதிலிருந்து நூல் பிடித்தவர் பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பெண்மணி. சாலிம் அலியோடு சேர்ந்து பத்து வால்யூம் பறவைக் கையேடு எழுதிய டில்லன் ரிப்ளியின் திட்டமாக இருந்த தெற்காசியப் பறவைப் புத்தகத்தை முடிக்கும் பொறுப்பு இவருக்கு வந்திருந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். அதற்கு மியூசியத் தோல்களின் சீட்டுகள்தான் ஆதாரம். சீட்டே பொய் என்றால் வரைபடம் என்னத்துக்கு ஆகும்?

அவரும் நைஜல் காலர் என்பவரும் மாண்ட்வி ஆந்தையை எடுத்து எக்ஸ்ரே பிடித்தார்கள். தோல் பதப்படுத்துவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை வாகு உண்டு. எங்கே வெட்டுவது, எந்த எலும்பை விடுவது, பஞ்சை எப்படித் திணிப்பது, எப்படித் தைப்பது... கையெழுத்து மாதிரி. மைனர்ட்ஷாகனின் ஆந்தையில் மேலே அவர் கை தெரிந்தது. உள்ளே டேவிட்சன் கை தெரிந்தது. அதாவது 1880-களில் கான்தேஷில் டேவிட்சன் சுட்ட ஆந்தையைக் கர்னல் மியூசியத்திலிருந்து எடுத்துப் பிரித்து, திரும்பத் தைத்து, 1914 மாண்ட்வி என்று சீட்டுப் போட்டிருக்கிறார். 1999-ல் ‘ஐபிஸ்’ பத்திரிகையில் முழு விவரமும் வெளிவந்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். செத்த பறவை, செத்த மனுஷன். நஷ்டம் இதுதான். 1970-களில் சாலிம் அலியும் ரிப்ளியும் இந்த ஆந்தையைத் தேடினார்கள். கடைசியாக எப்போது, எங்கே பார்த்தது என்று பதிவேட்டைப் புரட்டினால் 1914, மாண்ட்வி என்று இருக்கிறது. எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், கடைசிப் பதிவிலிருந்து தொடங்கினார்கள். கிடைக்கவில்லை. கிடைக்காததால், இல்லை என்ற நினைப்புக்குப் பலம் கூடியது. சாலிம் அலி 1987-ல் காலமானார். இந்திய மண்ணுக்கே உரிய இந்த ஆந்தையை அவர் உயிரோடு பார்க்கவே இல்லை.

*

இனி அண்ணன் தம்பி பிரச்சினை.

நடுவில் பார்த்தேன் என்று சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. படம்கூட எடுத்து வெளியிட்டார்கள். உற்றுப் பார்த்தால் எல்லாம் புள்ளி ஆந்தை. ஒருவரையும் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இருந்தது பழைய வர்ணனையும் ஓவியமும்தான். ராஸ்முசென் செய்தது என்ன என்றால், காட்டுக்குப் போகும் முன்னால் தோல்களை நேரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அடையாளம் நம்பத்தக்கது, எது நம்பக்கூடாதது என்று பிரித்துக்கொண்டார்.

பெரும்பாலானோர் செய்வது தலையைப் பார்ப்பது. புள்ளி ஆந்தையின் தலையில் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. காட்டு ஆந்தையின் தலை மங்கிய சாம்பல் பழுப்பு, புள்ளி ஏதோ பேருக்கு இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இறகு தேய்ந்துபோன காலத்தில் புள்ளி ஆந்தையின் தலைப்புள்ளிகளும் மங்கிவிடும். முப்பது அடி தூரத்தில், வெயில் பின்னால் இருந்து அடித்தால் புள்ளி தெரியவே தெரியாது. ஆகவே தலையை மட்டும் வைத்து எதையும் பாஸ் பண்ணக் கூடாது.

நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. புள்ளி ஆந்தைக்கு வெள்ளை நெஞ்சில் பழுப்புத் திட்டுகள் உடைந்து உடைந்து வயிறு வரைக்கும் இறங்கும். காட்டு ஆந்தைக்கு நெஞ்சு கிட்டத்தட்ட ஒரே பழுப்பு, சால்வை போர்த்தின மாதிரி. பக்கவாட்டில் பட்டை பட்டையாக இருக்கும். நடு வயிறும் அடிவயிறும் சுத்தமான வெள்ளை. அந்த வெள்ளை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். அடுத்தது வாலும் சிறகும். காட்டு ஆந்தைக்கு அகலமான, அழுத்தமான வெள்ளைப் பட்டைகள். பறக்கும்போது நன்றாகத் தெரியும். புள்ளி ஆந்தையின் பட்டைகள் மெலிசு. புள்ளி ஆந்தைக்குப் பின்கழுத்தில் காலர் மாதிரி வெளிர் பட்டை இருக்கும், தம்பிக்கு அது சரியாக இருக்காது. தம்பியின் கால் தடி, நகம் பெரிது. வெள்ளை இறகு விரல் வரைக்கும் இறங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக ஒருத்தனும் குழப்ப வருவான், ஜங்கிள் ஔலெட். பெயரில் காடு இருப்பதால் இன்னும் குழப்பம். ஆனால் அவனைப் பிரிப்பது சுலபம். தலையிலிருந்து வால் வரை உடம்பு முழுக்க நெருக்கமான மெல்லிய கோடுகள், கோடு போட்ட சட்டை மாதிரி. புள்ளியே கிடையாது.

உருவத்தை விட நடத்தை இன்னும் உதவும். புள்ளி ஆந்தை நம்மோடு வாழ்கிறது. ஊர், தோப்பு, பாழடைந்த கட்டிடம். காட்டு ஆந்தைக்குத் தேக்கு மரம் உள்ள வறண்ட இலையுதிர் காடு வேண்டும். அதுவும் அடர்த்தியாக இல்லாமல் கொஞ்சம் திறந்த காடு. பகலில் வேட்டையாடும். பல்லி, அரணை, எலி, பூச்சி. காலை வெயிலில் மொட்டை மரத்து உச்சியில் உட்கார்ந்து வாலைப் பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆட்டும். குரலும் வேறு. புள்ளி ஆந்தையின் கிர்ருச் சண்டை கிடையாது. இழுத்துக் கூவும் குரல்.

எங்கள் கிளையில் புதிதாகக் கேஷ் கவுண்டருக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, கள்ள நோட்டுப் படங்களை மனப்பாடம் பண்ணாதே, நல்ல நோட்டை ஆயிரக்கணக்கில் தொட்டு எண்ணு, தப்பான ஒன்று வந்தால் விரலே சொல்லும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ரான்பிங்ளாவைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தங்கள் காலனி அரசமரத்துப் புள்ளி ஆந்தையை மூன்று மாதம் பார்க்க வேண்டும். காலையில், மாலையில், மழையில், குஞ்சோடு, குஞ்சு இல்லாமல்.

*

1997 நவம்பரில் ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபட் மூவரும் இந்தியா வந்தார்கள். முதலில் கிழக்கே, பழைய தோல்கள் கிடைத்த ஒரிசா, சத்தீஸ்கர் பகுதி. கிடைக்கவில்லை. பிறகு மேற்கே வந்தார்கள். இந்தத் தடவை மாண்ட்வி அவர்கள் பட்டியலில் இல்லை. டேவிட்சனின் கான்தேஷ் இருந்தது. தப்பான ஒரு என்ட்ரியை அடித்ததும் சரியான ஊர் தானாக மேலே வந்துவிட்டது.

நவம்பர் 25-ம் தேதி காலை. சாத்புடா அடிவாரம், ஷஹாதாவுக்குப் பக்கத்தில். பென் கிங் கண்ணில்தான் முதலில் பட்டது. இலை இல்லாத மரத்தில், நல்ல வெயிலில், ஒரு குட்டி ஆந்தை. நெஞ்சு பழுப்பு, அடிவயிறு வெள்ளை, காலில் சாக்ஸ். படமும் வீடியோவும் எடுத்தார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

ஷஹாதா அப்போது துலே மாவட்டம். 1998 ஜூலையில் நந்துர்பார் தனி மாவட்டம் ஆனபோது அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் ஊர் ஆந்தை என்று சொல்லிக்கொள்ள ஏழு மாதம்தான் கொடுத்து வைத்திருந்தது!

அதன் பிறகு பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டியின் ஃபரா இஷ்டியாக், ஆசாத் ரஹ்மானி போன்றவர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார்கள். நடை, குரல், சாப்பாடு, கூடு எல்லாம் இவர்கள் எழுதியதிலிருந்துதான் நமக்குத் தெரியும். அடையாளம் இன்னது என்று தெளிவான பிறகு புது இடங்கள் வரிசையாகக் கிடைத்தன. தோரண்மாள், மேல்காட், யாவல், மத்தியப் பிரதேசத்தில் காக்னார் பக்கம். 2014-ல் மும்பைக்குத் தண்ணீர் போகும் தான்சா ஏரியைச் சுற்றியுள்ள சரணாலயத்தில் பார்த்தார்கள். முலுண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க. நீங்கள் குடிக்கும் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு குஜராத்திலும், டாங் பகுதியின் பூர்ணா காட்டில் கிடைத்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் மாண்ட்வியிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். ஆக, கர்னல் சொன்னது அவ்வளவு தப்பு இல்லையே என்று என் நண்பர் ஒருவர் செம்பூரிலிருந்து போனில் வாதாடினார். "அண்ணே, அந்தப் பக்கம்தான் இருக்குதே, மனுஷனை ஏன் திட்டுறீங்க?" என்றார். பொய் பில்லில் எழுதின தொகை எதேச்சையாகச் சரியாக இருந்தால் பில் நிஜமாகிவிடுமா தம்பி என்று கேட்டேன். ராஸ்முசெனும் ஜான் ஆண்டர்டனும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட தெற்காசியப் பறவைப் புத்தகத்தில் மைனர்ட்ஷாகனின் பதிவுகளை ஒதுக்கிவிட்டுத்தான் வரைபடம் போட்டார்கள். ஒருவர் பொய் சொல்லிவிட்டால் அவர் சொன்ன நிஜத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி இல்லை.

*

கண்டுபிடித்தாயிற்று, சுபம் என்று போட முடியவில்லை.

ஷஹாதாவை ஒட்டி இருக்கிறது தளோதா. சர்தார் சரோவர் அணையில் மூழ்கிய மகாராஷ்டிரா கிராமங்களின் மக்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் தளோதா காட்டில் சுமார் 4200 ஹெக்டேரை எடுத்து வயலாகக் கொடுத்தார்கள். நிலம் இழந்த பீல், பாவ்ரா ஆதிவாசிகள். அவர்களுக்கு நிலம் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்ததே போதாது. ஆனால் அந்த நிலம் இந்த ஆந்தைக்கு உலகத்தில் மிச்சம் இருந்த கொஞ்சக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த உத்தரவு போட்ட காலத்தில் ஆந்தை என்று ஒன்று இருப்பதே பதிவேட்டில் இல்லை. 1914-லேயே கடைசி என்ட்ரி போட்டு மூடிவிட்ட கணக்கு. இல்லாத பறவைக்காக யார் ஆட்சேபம் எழுதுவார்கள்? இருக்கிறது என்று தெரிந்திருந்தால் வேறு நிலம் பார்த்திருப்பார்களா என்றால், அதையும் நான் நம்பவில்லை. குறைந்தபட்சம் கோப்பில் ஒரு வரி இருந்திருக்கும்.

அந்த மறுவாழ்வு கிராமங்களில் இருந்து பயிர்க்கடனுக்கு வருகிறவர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. ஒரு பெரியவரிடம் கைபேசியில் இரண்டு ஆந்தைப் படத்தையும் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். படத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "இது வீட்டுப் பக்கம் சாஹேப், இது மலைப் பக்கம். இது ராத்திரி கத்தும், இது பகலில் கத்தும்" என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்றேன். சின்ன வயசிலிருந்து என்றார். அவருக்கு எழுபது இருக்கும். 113 வருடக் கணக்கு அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இன்னொரு ஆபத்து பில்லி சூனியம். ஆந்தையைப் பலி கொடுத்தால் பணம் வரும் என்ற நம்பிக்கை வடக்கே இன்னும் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் விற்பனை சூடு பிடிக்கும். வன உயிரின வர்த்தகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா 2010-ல் இதைப் பற்றி விரிவான அறிக்கையே போட்டது. பிடிக்கிறவனுக்குப் புள்ளி ஆந்தையா, காட்டு ஆந்தையா என்ற வித்தியாசம் வேண்டியதில்லை. ஒரு லட்சத்தில் ஒன்று போவதும் சில நூறில் ஒன்று போவதும் அவன் கூண்டில் ஒரே விலை.

சில நூறு என்றது சும்மா இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். 2018-ல் இதை ‘மிக ஆபத்தான நிலை’யிலிருந்து ஒரு படி இறக்கி ‘ஆபத்தான நிலை’க்குக் கொண்டுவந்தது. புது இடங்கள் கிடைத்ததுதான் காரணம். அப்படியும் இனப்பெருக்கம் செய்யும் வயதுள்ளவை 250-க்கும் 999-க்கும் இடையில்தான் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. எங்கள் கிளையின் சேவிங்ஸ் கணக்குகள் அதைவிடப் பல மடங்கு.

தோரண்மாளோ தான்சாவோ போகிறவர்கள் மழை முடிந்து, மரங்கள் இலை உதிர்க்க ஆரம்பித்த பிறகு போங்கள். காலை ஏழிலிருந்து பத்து மணி நல்ல நேரம். மொட்டை மரங்களின் உச்சியைப் பாருங்கள். குரல் பதிவை ஒலிக்க விட்டு வரவழைக்க வேண்டாம், கூடு கட்டும் சமயத்தில் அது பெரிய தொந்தரவு. படம் எடுத்தால் நெஞ்சும் அடிவயிறும் தெரிகிற மாதிரி எடுங்கள். முகத்தை மட்டும் அழகாக எடுத்து எனக்கு அனுப்பி எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதோடு, எங்கே, எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

இதே ராஸ்முசென் 2001-ல் இன்னொருவரோடு சேர்ந்து, நீண்ட அலகுப் பிணந்தின்னிக் கழுகு என்று நாம் ஒன்றாக நினைத்திருந்தது உண்மையில் இரண்டு இனம் என்று காட்டினார். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியால் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்த இனத்தில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதற்கு முன்னால், எது எந்த இனம் என்று தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கதை இதைவிட நீளம். இயர் எண்டிங் முடியட்டும், ஏப்ரலில் எழுதுகிறேன்.